'சார்ஜ்' என்ற ஒரே சொல், அரபியில் எத்தனை சொல்? திருகோணமலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கத்தாரில் லொறி ஓட்டும் என் மருமகன் முறைப் பையன் ஒருநாள் சரக்கு இறக்கப் போன இடத்திலிருந்து தன் மேலாளருக்குச் செய்தி அனுப்பினான். போனில் பட்டரி சாகப் போகிறது, பிறகு கதைக்கிறேன் என்பதுதான் விஷயம். அவசரத்தில் ஆங்கிலத்தில் 'நோ சார்ஜ்' என்று மட்டும் அடித்து, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, வந்த அரபியை அப்படியே அனுப்பிவிட்டான். போய்ச் சேர்ந்தது 'கட்டணம் இல்லை' என்ற செய்தி. இந்தச் சரக்குக்குக் காசு வாங்கத் தேவையில்லை என்று எவரோ சொல்லிவிட்டார்கள் என மேலாளர் நினைத்தார். போனும் அணைந்துவிட்டதால் கேட்கவும் வழியில்லை. அரை நாள் வீண்.

நான் ஜித்தாவில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு வந்து, திருகோணமலை நகரில் போட்டோகொப்பி, டைப்பிங், படிவம் நிரப்புவது என்று ஒரு சிறிய கடை வைத்திருக்கிறேன். கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வளைகுடாக் கடதாசிகளோடு ஆட்கள் வருவார்கள். அந்தக் கடதாசிகளில் அதிகம் தடுக்கி விழ வைக்கும் ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால் யோசிக்காமல் 'சார்ஜ்' என்பேன். நாமும் அதைத் தமிழாகவே ஆக்கிக்கொண்டதால், அதற்குள் எத்தனை பொருள் இருக்கிறது என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அரபிக்காரர் ஒவ்வொரு பொருளுக்கும் தனிச் சொல் வைத்திருக்கிறார். சரியானதை எடுப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நீதிமன்றத்துக்கோ தூதரகத்துக்கோ போகிற ஆவணமென்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம்தான் போக வேண்டும். இந்த வழிகாட்டி நீங்களே வாசித்து விளங்கிக்கொள்ளவும், வேலைத்தலத்தில் நாலு வரி எழுதவும்.

தொடங்குமுன்: அந்தச் சொல் எங்கிருந்து வந்தது

இலத்தீனில் 'கர்ருஸ்' என்றால் வண்டி. அதிலிருந்து வண்டியில் சுமை ஏற்றுவதற்கு ஒரு வினைச்சொல் பிறந்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'சார்ஜ்' ஆனது. நம் துறைமுகத்தில் தினமும் அடிபடும் 'கார்கோ'வும், தெருவில் ஓடும் 'கார்'உம் அதே குடும்பம்தான். ஆக, அடிப்படைப் பொருள் சுமை ஏற்றுவது. பட்டரியில் மின்சாரத்தை ஏற்றினாலும், ஒருவர் தலையில் பொறுப்பை ஏற்றினாலும், கணக்கில் காசை ஏற்றினாலும், ஒருவர் மேல் குற்றத்தை ஏற்றினாலும் ஆங்கிலத்துக்கு எல்லாமே சார்ஜ்.

தமிழைக் கொஞ்சம் கவனியுங்கள். மின்னேற்றம், பொறுப்பேற்றல், குற்றம் சுமத்துதல். நம் மொழியும் ஏற்றுவதையும் சுமப்பதையும் வைத்தேதான் பேசுகிறது. வித்தியாசம் என்னவென்றால், நாம் என்ன ஏற்றப்படுகிறது என்பதையும் கூடவே சொல்கிறோம். அதனால் ஆங்கிலத்திலிருந்து அரபிக்கு நேரே பாயாமல், தமிழ் வழியாகப் போவதுதான் பாதுகாப்பு. இதுதான் என் முறை. கடையில் நான் செய்வதும் இதைத்தான்.

படி 1: 'சார்ஜ்' என்ற சொல்லே இல்லாமல் தமிழில் சொல்லுங்கள்

முழு வாக்கியத்தையும் எடுங்கள். தனிச்சொல்லை எடுக்கவே எடுக்காதீர்கள். வீட்டில் உம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ விளங்கும்படி, அந்த ஆங்கிலச் சொல்லைத் தொடாமல் சொல்லிப் பாருங்கள். 'பட்டரி முடிஞ்சு போச்சு', 'எவ்வளவு காசு எடுப்பீங்க', 'இதுக்கு யார் பொறுப்பு', 'அவர் மேல வழக்குப் போட்டிருக்கு'. இப்படிச் சொல்ல வராவிட்டால், ஆங்கில வாக்கியம் உங்களுக்கே இன்னும் விளங்கவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் அகராதியைத் திறந்து பயனில்லை.

படி 2: பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள்

சார்ஜ் தனியாக வராது. கூடவே ஒரு சிறு சொல் நிற்கும், அதுவே பொருளைக் காட்டிக்கொடுக்கும். முன்னால் 'இன்' வந்தால் பொறுப்பு. பின்னால் 'வித்' வந்து ஒரு குற்றத்தின் பெயரும் வந்தால் குற்றச்சாட்டு. 'ஃபோர்' வந்தால் பெரும்பாலும் காசு. 'ஃப்ரீ ஒஃப்' முன்னால் வந்தால் இலவசம். பன்மையில் 'சார்ஜஸ்' என்று ஒரு பட்டியலின் தலையில் மட்டும் நின்றால்தான் ஆபத்து, ஏனென்றால் கட்டணங்களுக்கும் குற்றச்சாட்டுகளுக்கும் அதே உருவம்தான். ஒருமுறை வைத்தியசாலைப் பில் ஒன்றைச் செயலியில் போட்டு அரபியாக்கிக் கொண்டுவந்தார் ஒருவர். தலைப்பில் 'அத்துஹம்' என்று இருந்தது. குற்றச்சாட்டுகள்! கீழே எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, கட்டில் என்று வரிசையாக இருந்தது.

படி 3: ஏற்றுகிற சார்ஜ் என்றால் 'ஷஹ்ன்'

போன், பட்டரி, சரக்கு மூன்றுக்கும் அரபியில் ஒரே வேர், ஷ-ஹ-ன. இந்த ஒரு இடத்தில் அரபியும் ஆங்கிலமும் ஒரே திசையில் போகின்றன. போனுக்கு மின்னேற்றுவது ஷஹ்ன். கப்பலில் சரக்கு ஏற்றுவதும் ஷஹ்ன். கப்பலில் ஏற்றிய சரக்குக்குக் கொடுக்கும் ஏற்றுச்சீட்டு 'பூலீஸத் ஷஹ்ன்'. போனில் காசு போடும் அட்டை 'பிதாகத் ஷஹ்ன்'. இந்தியாவில் இதை ரீசார்ஜ் என்பார்கள். நாம் 'ரீலோட்' என்கிறோம், அதாவது மறுபடி சுமை ஏற்றுவது. அரபியோடு அச்சொட்டாக ஒத்துப்போவது நம்முடைய சொல்தான்.

இதே வேரில் இன்னும் இரண்டு. மின்னேற்றும் கருவி, அதாவது நாம் சார்ஜர் என்பது, 'ஷாஹின்'. சரக்கு லொறி 'ஷாஹினா'. கடைசியில் ஓர் எழுத்து கூடினால் கையிலிருக்கும் சார்ஜர் பத்துச் சில்லு லொறியாகிவிடும். சீனன்குடாவில் சீமெந்து ஏற்றும் லொறி நினைவிருக்கட்டும், மறக்காது. விஞ்ஞானப் பாடத்தில் வரும் ஏற்றம் 'ஷிஹ்னா'. நம் பாடப்புத்தகத்தின் நேரேற்றம் அரபியில் 'ஷிஹ்னா மூஜிபா', மறையேற்றம் 'ஷிஹ்னா ஸாலிபா'.

கிண்ணியாவில் எனக்கு அரபி இலக்கணம் சொல்லித் தந்த மௌலவியிடம் இந்த வேரைப் பற்றிக் கேட்டேன். அவர் உடனே குர்ஆனின் யாஸீன் சூராவின் 41ஆம் வசனத்தை ஓதினார். '...அன்னா ஹமல்னா துர்ரிய்யத்தஹும் ஃபில் ஃபுல்கில் மஷ்ஹூன்.' நிறைய ஏற்றப்பட்ட கப்பலில் அவர்களுடைய சந்ததியைச் சுமந்து சென்றோம் என்பது கருத்து. "மஷ்ஹூன் என்டா ஏத்தி நிரப்பினது. நீங்க போனுக்குப் போடுறீங்களே, அதே சொல்லுத்தான்" என்றார். வெள்ளிக்கிழமை இரவுகளில் எத்தனையோ வீடுகளில் ஓதப்படும் வசனம். அதே வசனத்தில் 'ஹமல்னா' என்றும் வருகிறதல்லவா, சுமந்தோம் என்று? ஹ-ம-ல என்ற அந்த வேரும் பின்னால் நமக்கு வேண்டிவரும். ஓதத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியே பாதி அகராதி.

இங்கே உச்சரிப்பிலும் எழுத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஷஹ்னில் வரும் ஹ தொண்டையின் நடுவிலிருந்து உரசி வருவது. முதல் எழுத்து 'ஷீன்'. அதை 'ஸாத்' ஆக்கிவிட்டால் 'ஸஹ்ன்'. அது தட்டு. கலியாண வீட்டில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சஹன் இதுதான். இது சிரிப்போடு போய்விடும். எழுத்தில் நடப்பது அவ்வளவு இலேசு அல்ல. ஷஹ்ன் என்று எழுதும்போது முதல் எழுத்தின் மேல் மூன்று புள்ளி, நடு எழுத்துக்குப் புள்ளி இல்லை. மேலிருக்கும் மூன்றையும் விட்டுவிட்டு, நடு எழுத்தின் வயிற்றில் ஒரு புள்ளி வைத்தால் அது 'ஸிஜ்ன்'. சிறைச்சாலை! மங்கலான போட்டோகொப்பியில் இந்தப் புள்ளிகள்தான் முதலில் மறையும். அதனால் அரபிக் கடதாசியைப் பிரதி எடுக்கும்போது கொஞ்சம் கடுமையாக எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கடையிலும் சொன்னால் செய்து தருவார்கள்.

மருமகன் அனுப்பியிருக்க வேண்டியது 'அல்பத்தாரிய்யா ஃபாரிகா', பட்டரி காலி. அவ்வளவுதான்.

படி 4: காசு சார்ஜ் என்றால் யாருக்குக் கொடுக்கிறோம் என்று கேளுங்கள்

காசில் மட்டும் அரபி நாலைந்தாகப் பிரியும். கையில் வைத்திருக்கிற கேள்வி ஒன்றுதான்: இந்தக் காசு யாரிடம் போகிறது, எதற்காக?

அரசாங்கமோ, பள்ளிக்கூடமோ, வங்கியோ, அலுவலகமோ விதித்து வாங்குவது 'ருஸூம்'. வீசாவுக்கு, இகாமா என்ற வதிவிட அனுமதிக்கு, சான்றிதழ் உறுதிப்படுத்த என்று எல்லாம் இதற்குள் வரும். இது 'ரஸ்ம்' என்பதன் பன்மை. ரஸ்ம் என்றால் வரைந்த கோடு, படம் என்றும் பொருள். ஆகவே இணையத்தில் ருஸூம் என்று தேடினால் கார்ட்டூன் படங்கள் வந்து நிற்கும், பயப்பட வேண்டாம்.

ஒருவர் உழைப்புக்கோ வாகனத்துக்கோ கொடுப்பது 'உஜ்ரா'. டாக்ஸிக்கே 'ஸய்யாரத் உஜ்ரா' என்றுதான் பெயர், கூலி வண்டி. 'அஜ்ர்' என்ற சொல் நம் முஸ்லிம் வீடுகளில் நன்மைக்குக் கிடைக்கும் கூலி என்ற பொருளில் புழங்குகிறது. அதே வேர். இடைத்தரகர் எடுப்பது 'உமூலா'. கடைப் பொருளின் விலை 'ஸிஃர்'. தண்டப்பணம் 'கராமா'.

ருஸூமையும் கராமாவையும் கலந்துவிடக் கூடாது. ஆங்கிலத்தில் 'லேட் சார்ஜ்' என்று மென்மையாக இருக்கும். அரபியில் கராமா என்று இருந்தால் அது தண்டம், பிழை செய்ததற்கான விலை. யார் பிழை என்ற கேள்வி உடனே வரும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? சவூதி தொழில் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி ஒப்பந்தம் இரு மொழியில் இருந்தால் அரபிதான் செல்லும். ஆங்கிலப் பக்கத்தை மட்டும் வாசித்துக் கையெழுத்துப் போடுகிறவர் உண்மையான ஒப்பந்தத்தை வாசிக்கவே இல்லை. அதே சட்டத்தின் 40ஆம் பிரிவைப் பாருங்கள். வெளிநாட்டுத் தொழிலாளியை வரவழைக்கும் ருஸூம், இகாமா, வேலை அனுமதிப்பத்திரம், அவற்றைப் புதுப்பிக்கும் ருஸூம், தாமதமானால் வரும் கராமா, எல்லாமே முதலாளி தலையில். அதைச் சொல்லும் அரபிச் சொல் 'யதஹம்மல்', அவர் சுமப்பார். ஹ-ம-ல, யாஸீன் வசனத்தில் கண்ட வேர். உங்கள் ஒப்பந்தத்தில் ருஸூம் என்ற சொல்லைத் தேடுங்கள், அதற்கு முன்னால் யார் யதஹம்மல் என்று பாருங்கள். 'ஸாஹிபுல் அமல்' என்றால் முதலாளி. 'அல்ஆமில்' என்றால் நீங்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அவர்களுக்குத் தனி ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. எங்கள் பகுதியிலிருந்து அப்படிப் போகும் பெண்கள் ஏராளம், அவர்கள் தங்களுக்குரியதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டணமில்லாமல் என்பதற்கு எழுத்தில் 'மஜ்ஜானன்'. வாய்ப்பேச்சில் 'பலாஷ்' என்பார்கள். ஒப்பந்தத்தில் பலாஷ் வராது. 'எவ்வளவு சார்ஜ் பண்ணுவீங்க' என்று கேட்க 'கம் தஃகுத்?' போதும். எவ்வளவு எடுப்பீங்க என்று நாம் கேட்பது மாதிரியே.

படி 5: பொறுப்பு சார்ஜ்

பொறுப்பில் இருப்பவர் 'மஸ்ஊல்'. நடுவில் மூச்சை ஒரு கணம் வெட்ட வேண்டும், மஸ் என்று நிறுத்தி ஊல். கேட்கப்படுபவர் என்பது நேர்ப்பொருள். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர். அதிகாரத்தைவிட அந்தப் பதில் சொல்லும் கடனைத்தான் அரபி முன்னால் வைக்கிறது. நம் பொலிஸ் நிலையத்து ஓ.ஐ.சி. பொறுப்பதிகாரி என்றால், அவரும் ஒரு மஸ்ஊல்தான். பெண் என்றால் 'மஸ்ஊலா'. எதற்குப் பொறுப்பு என்பதற்கு முன்னால் 'அன்' வரும்: 'மஸ்ஊல் அனில் மக்ஸன்', களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர்.

ஆளை விட்டுப் பொருளுக்கு வந்தால் வேறு சொல். 'உங்கள் சார்ஜில் உள்ள சாமான்கள்' என்பது 'உஹ்தா'. வேலைக்குச் சேரும்போது கம்பனி உங்கள் கையில் தருகிற போன், கருவிப்பெட்டி, திறப்பு, செலவுக் காசு எல்லாம் உங்கள் உஹ்தா. வாக்குறுதி என்று பொருள் தரும் 'அஹ்த்' என்பதோடு ஒரே வேர், கையெழுத்தே வாக்கு. அகராதியில் மூலையில் கிடக்கும் சொல் இது, வேலைத்தலத்தில் கழுத்தைப் பிடிக்கும் சொல். வேலையை விட்டு வரும்போது உஹ்தாவை ஒப்படைத்தால்தான் 'இக்லாஉ தரஃப்' என்ற விடுவிப்புக் கடதாசி கிடைக்கும். நானே இதில் மாட்டியிருக்கிறேன். வேலை மாறும்போது ஒரு துளைக்கும் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தேன், கையெழுத்து வாங்கவில்லை. அதன் விலையைக் கடைசிச் சம்பளத்தில் கழித்துக்கொண்டார்கள். அன்றைக்கு எனக்கு உஹ்தா என்ற சொல்லே தெரியாது.

படி 6: குற்றம் சார்ஜ்

'துஹ்மா', பன்மையில் 'துஹம்'. இது ஏற்றுவதிலிருந்து வரவில்லை. வ-ஹ-ம என்ற வேருக்கு மனதில் தோன்றுவது, எண்ணிக்கொள்வது என்று பொருள். இன்னும் நிரூபிக்கப்படாத சந்தேகம் என்பது சொல்லின் உடம்பிலேயே இருக்கிறது.

குற்றம் சாட்டப்பட்டவர் 'முத்தஹம்'. சாட்டியவர் 'முத்தஹிம்'. அரபியில் உயிர்க்குறி போடாமல் எழுதும்போது இரண்டும் ஒரே எழுத்துத்தான், முழு வாக்கியத்தையும் வாசித்துத்தான் பிரிக்க முடியும். குற்றவாளி என்று தீர்ப்பானவர் 'முதான்'. ஊரில் ஒரு பிள்ளையைப் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால், முதலில் பார்க்க வேண்டியது கடதாசியில் முத்தஹம் என்று இருக்கிறதா, முதான் என்று இருக்கிறதா என்பதைத்தான். முத்தஹம் என்றால் வழக்கு இன்னும் நடக்கிறது, செய்ய வேண்டியதைச் செய்ய நேரம் இருக்கிறது. தமிழில் அதைக் 'குற்றவாளி' என்று மொழிபெயர்த்து ஒரு தாயிடம் சொல்லிவிடாதீர்கள். நான் பார்த்திருக்கிறேன், அந்த ஒரு பிழை வீட்டையே படுக்க வைத்துவிடும்.

படி 7: பாய்கிற சார்ஜ்

மாடு பாய்வது, படை பாய்வது. 'ஹுஜூம்' அல்லது 'ஹம்லா'. ஹம்லா மறுபடி அந்த ஹ-ம-ல வேர்தான். இப்போது பிரசாரம், இயக்கம் என்ற பொருளில்தான் அதிகம் வருகிறது. செய்தி வாசிப்பவர்களுக்கு மட்டும் தேவைப்படும்.

படி 8: திருப்பிப் பாருங்கள்

கிடைத்த அரபிச் சொல்லை அதே செயலியில் போட்டுத் திருப்பாதீர்கள். அது தன் பிழையைத் தானே சரி என்று சொல்லும். அரபி–ஆங்கில அகராதியில் வேரைப் பிடித்துத் தேடுங்கள். 'ஹான்ஸ் வேர்' என்பவர் தொகுத்த அகராதி வேர்ச்சொல் வரிசையில் அடுக்கப்பட்டது, ஷ-ஹ-ன என்ற ஒரே இடத்தில் லொறி, சரக்கு, மின்னேற்றம் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அப்புறம் அந்தச் சொல்லை மட்டும் இணையப் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். ஷாஹின் என்றால் சார்ஜர் படங்கள் வர வேண்டும். லொறி வந்தால் கடைசி எழுத்தைப் பாருங்கள். கடைசியாக, அரபி தெரிந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டி, 'இது என்ன சொல்லுது?' என்று மட்டும் கேளுங்கள். 'இது சரியா?' என்று கேட்டால் மரியாதைக்கு ஓம் என்றுவிடுவார்கள்.

போன மாதம் மூதூரிலிருந்து ஒரு தம்பி றியாதுக்குப் போகுமுன் தன் கம்பனி அனுப்பிய பட்டியலைக் கொண்டுவந்தார். ஆங்கிலப் பக்கம் இல்லை, அரபி மட்டும். மேலே 'உஹ்தா' என்று தலைப்பு. முதல் வரி ஜவ்வால், அதாவது கைப்போன், ஒன்று. இரண்டாவது வரியில் விரலை வைத்து, "அண்ணா, லொறி எண்டு இருக்கு, எனக்கு லொறி தரமாட்டாங்களே, நான் எலக்ட்ரீஷியன்" என்றார். வாங்கிப் பார்த்தேன். கடைசியில் அந்தக் கூடுதல் எழுத்து இல்லை. ஷாஹின், ஒன்று. பக்கத்தில் பென்சிலால் 'போன் சார்ஜர், திரும்பக் கொடுக்கும்போது கையெழுத்து வாங்கவும்' என்று எழுதிக் கொடுத்தேன்.